கேளுங்கள் டீச்சரம்மா: பால்வாடியா, எல்கேஜியா?

மூன்று வயதுப் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று போன மாதம் ஒரே ஒரு வரி கேட்டு வைத்தோம், கடிதங்கள் கட்டுக்கட்டாக வந்துவிட்டன. முப்பத்தோரு வருடம் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். நாலைந்து பேர் பெயர் போட வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். சிலருக்கு மறைத்துச் சிலருக்குப் போடுவானேன் என்று எல்லாருடைய பெயரையும் எடுத்துவிட்டேன், ஊர் மட்டும் இருக்கிறது.

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு அம்மா: என் மகளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. பக்கத்துத் தெருவிலேயே பால்வாடி இருக்கிறது. மாமியார் அங்கே விடு என்கிறார். என் வீட்டுக்காரரோ, "சோத்துக்காக அனுப்புறோம்னு ஊர் பேசும், கடன் வாங்கியாவது இங்கிலீஷ் மீடியம் எல்கேஜியில் போடலாம்" என்கிறார். பால்வாடியில் உண்மையிலேயே ஏதாவது சொல்லித்தருகிறார்களா?

உங்கள் வீட்டுக்காரர் சொன்ன அந்த வரியை நான் முப்பத்தோரு வருடமும் கேட்டிருக்கிறேன். சோறு போடுவது ஏதோ அவமானம் போல. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளுக்கும் சேர்த்தேதான் தொடங்கினார். பசியோடு இருக்கிற பிள்ளைக்குப் பாட்டும் ஏறாது, கதையும் ஏறாது. ஆனால் அந்தச் சோற்றின் பெயர் பெரிதாகி, பக்கத்தில் நடக்கிற படிப்பு யார் கண்ணுக்கும் தெரியாமல் போய்விட்டது. அதில் எங்கள் துறைக்கும் பங்கு உண்டு. முட்டைக் கணக்கை வாரா வாரம் கேட்டவர்கள், பிள்ளை என்ன கற்றுக்கொண்டது என்று கேட்டது குறைவு.

சொல்லித்தருகிறார்களா என்றால், ஆமாம். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கு என்று "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்ற பாடத்திட்டம் இருக்கிறது. பெயரே சொல்கிறது பாருங்கள். பழங்கள், விலங்குகள், வாகனங்கள், நம் உடல் என்று ஒவ்வொரு பொருளாக எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றியே பாட்டு, கதை, விளையாட்டு, வரைதல் எல்லாம் நடக்கும். "நோட்டில் ஒன்றுமே எழுதவில்லையே" என்று வந்து சண்டை போடும் அப்பாக்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். மூன்று வயதில் மணிக்கட்டும் விரலும் பென்சிலுக்குத் தயாராக இருக்காது. களிமண் உருட்டி, மணி கோத்து, பேப்பர் கிழித்து, விதைகளைப் பிரித்துப் போட்டு அந்தக் கை முதலில் பலமாக வேண்டும். புளியங்கொட்டையை ஒரு டப்பாவிலிருந்து இன்னொரு டப்பாவுக்கு மாற்றும் பிள்ளை எண்ணக் கற்றுக்கொள்கிறது, விரலுக்கும் வேலை நடக்கிறது. பார்ப்பவருக்குத்தான் அது சும்மா விளையாடுவது போலத் தெரியும்.

அதற்காக எல்லாப் பால்வாடியும் நன்றாக இருக்கிறது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஒரு நாள் காலை பத்தரை மணிக்குப் போய் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். சொல்லிவிட்டுப் போகாதீர்கள். பிள்ளைகள் பேசிக்கொண்டும் சத்தம் போட்டுக்கொண்டும் இருந்தால் நல்லது, கையைக் கட்டி வாயைப் பொத்தி வரிசையாக உட்கார்ந்திருந்தால் நல்லதில்லை. டீச்சர் தரையில் உட்காருகிறாரா என்று பாருங்கள். கழிப்பறை திறந்திருக்கிறதா, உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நான் வேலை பார்த்த ஒரு மையம் வாடகைக் கட்டடத்தில் இருந்தது. கழிப்பறை கேட்டு எழுதி எழுதி ஏழு வருடம் ஓடியது, அதற்குள் நான் மாற்றலாகிப் போய்விட்டேன்.

அப்புறம் அதே ஒரு மணி நேரத்தை அந்த எல்கேஜியிலும் உட்கார்ந்து பாருங்கள், விட்டால். மூன்று வயதுப் பிள்ளைக்கு நாலு வரி நோட்டும் வீட்டுப்பாடமும் கொடுக்கிறார்கள் என்றால், அந்தக் கடனை வாங்க வேண்டாம். இங்கிலீஷ் பற்றிய உங்கள் வீட்டுக்காரரின் ஆசை தப்பில்லை, எல்லாருக்கும் இருப்பதுதான். ஆனால் வீட்டில் பேசுகிற மொழியில் கதை கேட்டு, கேள்வி கேட்டு, பதில் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு அடுத்த மொழி சுலபமாக வரும். இரண்டு இங்கிலீஷ் பாட்டு பால்வாடியிலும் பாடலாம், அதை யாரும் தடுக்கவில்லை.

காரைக்குடியிலிருந்து ஒரு பெரியவர்: அம்மா, நாங்களெல்லாம் தலைக்கு மேலே கையைச் சுற்றி மறுபக்கத்துக் காதைத் தொட்டால்தான் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆறு வயது வரை தெருவில் ஆடினோம். நாங்கள் என்ன கெட்டா போனோம்? மூன்று வயதில் பள்ளிக்கூடம் எதற்கு?

ஐயா, உங்கள் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நானும் காதைத் தொட்டுச் சேர்ந்தவள்தான். கை எட்டவில்லை என்று ஒரு வருடம் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்த ஆறு வருடம் நாம் சும்மா இருந்தோமா? வீட்டில் ஏழெட்டுப் பிள்ளைகள், திண்ணையில் பாட்டி, விடுகதை, பல்லாங்குழி, தாயம், நொண்டி. பல்லாங்குழியில் ஒன்று கூட்டி ஒன்று கழித்துத்தான் கணக்கே வந்தது. அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பெயர்ப்பலகை இல்லை, அவ்வளவுதான். இன்றைக்கு ஒண்டுக்குடித்தன வீடு, ஒரே பிள்ளை, அம்மா அப்பா இரண்டு பேரும் வேலைக்கு, பாட்டி ஊரில், தெரு முழுக்க வண்டி. பிள்ளை கையில் செல்போன். நீங்கள் ஆடிய தெருவை இன்று யாராவது ஒரு கூரைக்குள் கொண்டுவந்து வைக்க வேண்டியிருக்கிறது. அங்கன்வாடி என்ற வடநாட்டுச் சொல்லுக்கே வீட்டு முற்றம் என்ற பொருள்தான் அடியில் இருக்கிறது.

இது ஏழை வீட்டுப் பிள்ளைக்காகவே பிறந்த யோசனை என்பதையும் சொல்ல வேண்டும். இப்போது மாண்டிசோரி என்று பலகை மாட்டி லட்சத்தில் கட்டணம் கேட்கிறார்கள் அல்லவா, அந்த மரியா மாண்டிசோரி அம்மையார் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது 1907 ஜனவரியில், ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற தொழிலாளர் குடியிருப்பில். பெற்றோர் வேலைக்குப் போன நேரத்தில் மாடிப்படிச் சுவரைக் கிறுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்காகத் திறந்தது அது. அவர் நம்மூருக்கும் வந்தார். 1939-ல் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போர் வந்து இத்தாலி எதிரி நாடானதில் திரும்பிப் போக முடியாமல் கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். 1946 வரை இந்தியாவில்தான். அவ்வளவு காலம் இங்கே இருந்தும், அவர் சொன்னது காசு உள்ளவர்களின் பள்ளிகளோடு பெரும்பாலும் நின்றுவிட்டதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் ஆற்றாமைதான்.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலான்டி என்ற ஊரில் 1962-லிருந்து 1967 வரை பெர்ரி பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். ஏழைக் கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளைகள் 123 பேரை எடுத்துக்கொண்டு, 58 பேருக்கு மட்டும் மூன்று, நான்கு வயதில் நல்ல முன்பருவக் கல்வி கொடுத்தார்கள். அப்புறம் விட்டுவிடவில்லை, அவர்களுக்கு நாற்பது வயது ஆகும் வரைக்கும் பின்தொடர்ந்து பார்த்தார்கள். படித்த பிள்ளைகளில் வேலையில் இருந்தவர்கள் அதிகம், சம்பளம் அதிகம், போலீஸ் கைது செய்தது குறைவு. இதை மேற்கோள் காட்டுகிற பலர் ஒரு விஷயத்தை விட்டுவிடுவார்கள். அந்த டீச்சர்கள் வாரம் ஒரு முறை ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போய் அம்மாவோடு உட்கார்ந்து பேசினார்கள். ஒரு டீச்சருக்கு ஐந்தாறு பிள்ளைகள்தான். பலன் சும்மா வந்துவிடவில்லை.

ஆம்பூரிலிருந்து ஒரு அக்கா: ஷூ கம்பெனியில் வேலை. காலை எட்டு மணிக்குப் போனால் வீடு திரும்ப ஏழாகும். பால்வாடி மதியச் சாப்பாடு முடிந்து தூங்க வைத்துக் கொஞ்ச நேரத்தில் அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு மாமியாரும் இல்லை, அம்மாவும் இல்லை. மூத்தவளை (ஒன்பது வயது) பள்ளிக்கு அனுப்பாமல் தம்பியைப் பார்க்க வைத்திருக்கிறேன். தப்புதான், தெரிகிறது.

தப்பு உங்கள் மேல் இல்லை தங்கச்சி. உங்கள் கடிதத்தைத்தான் நான் இரண்டு முறை படித்தேன்.

அங்கன்வாடி எங்கே இருக்கிறது என்று எல்லாரும் பேசுகிறார்கள், எத்தனை மணி வரை இருக்கிறது என்று யாரும் பேசுவதில்லை. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேல் மையங்கள் இருக்கின்றன. தெருக்கோடியில் மையம் இருந்தும் அதன் கடிகாரம் உங்கள் கம்பெனிக் கடிகாரத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால், உங்களுக்கு அது பூட்டிய கதவுதான். இந்தத் திட்டத்தை வகுத்தபோது வேலைக்குப் போகும் அம்மாவை மனதில் வைக்கவில்லை, வீட்டில் இருக்கும் அம்மாவைத்தான் வைத்தார்கள் என்பது என் எண்ணம். வயலுக்குப் போகிறவளையும், சித்தாள் வேலைக்குப் போகிறவளையும் வீட்டில் இருப்பவள் என்று யார் முடிவு செய்தார்களோ.

சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 2025 வரை நடப்பில் இருந்த பழைய தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, முப்பது பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். 2017-ல் பேறுகாலப் பயன் சட்டத்தைத் திருத்தி, ஐம்பது ஊழியர்கள் இருக்கிற எந்த நிறுவனமானாலும் காப்பகம் வேண்டும், அம்மா ஒரு நாளைக்கு நாலு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்றார்கள். ஆண்களையும் சேர்த்துத்தான் அந்த ஐம்பது. உங்கள் கம்பெனியில் எத்தனை ஆயிரம் பேரோ. ஒற்றை ஆளாகப் போய் மேனேஜரிடம் கேட்காதீர்கள், வேலைக்கு உலை வந்துவிடும். லைனில் இருக்கும் அம்மாக்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, சங்கம் இருந்தால் சங்கம் வழியாக, இல்லாவிட்டால் தொழிற்சாலை ஆய்வாளருக்கு மனுவாகப் போடுங்கள்.

அதுவரை? மூத்தவளை நாளைக்கே பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். மதியத்துக்கு மேல் பார்த்துக்கொள்ள பால்வாடி ஆயாவிடமே பேசிப் பாருங்கள். பல ஊர்களில் ஆயாவோ பக்கத்து வீட்டு அக்காவோ மாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு சாயங்காலம் வரை பார்த்துக்கொள்கிறார்கள். அரசாங்கம் செய்ய வேண்டியதை ஆயா செய்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் மகளின் நாலாம் வகுப்பு அரசாங்கம் வரும் வரை காத்திருக்காது.

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி: எங்கள் காலனி புதிதாக வந்தது. பனியன் கம்பெனி ஆட்கள், ஒடிசா, பீகார்க்காரர்களும் இருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் அறுபதுக்குக் குறையாது. பால்வாடி ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, மெயின் ரோட்டைத் தாண்டி. எங்களுக்கு ஒன்று கேட்டால் கிடைக்குமா?

கிடைக்க வேண்டும். 2006 டிசம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம் உணவு உரிமை வழக்கில் ஒரு உத்தரவு போட்டது. கிராமமோ நகரத்துக் குடிசைப் பகுதியோ, ஒரு குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாற்பது பேராவது இருந்து, அங்கே அங்கன்வாடி இல்லை என்றால், கேட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு முதலிடம் என்றும் சொன்னது. உங்கள் கணக்கு அறுபது. உத்தரவு கையில் இருப்பதும் மையம் வருவதும் ஒன்றில்லை, அதனால் கொஞ்சம் ஓட வேண்டியிருக்கும்.

முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய்ப் பிள்ளையின் பெயர், வயது, அம்மா பெயர், கதவு எண் என்று ஒரு பட்டியல் எடுங்கள். வெளிமாநிலத்துக்காரர்களை விட்டுவிடாதீர்கள். இந்த இடத்தில்தான் பலர் "அவங்க நாளைக்கே போயிடுவாங்க" என்று எண்ணிக்கையைக் குறைத்துவிடுவார்கள். இன்றைக்கு இருக்கிற பிள்ளைக்கு இன்றைக்குத்தான் மூன்று வயது. பட்டியலோடு மனு எழுதி, அம்மாக்கள் கையெழுத்து வாங்கி, வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் (சிடிபிஓ என்பார்கள்) கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை வாங்காத மனு மனுவே இல்லை. இன்னொரு நகலைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள். நீங்கள் ஊராட்சிக்குள் வந்தால் கிராம சபையில் தீர்மானமாகவே போட்டுவிடலாம், மாநகராட்சி என்றால் வார்டு கவுன்சிலரைப் பிடியுங்கள்.

இடம் எங்கே என்றுதான் அடுத்த கேள்வி வரும். எப்போதும் வரும். அதற்கு முன்கூட்டியே ஒரு சமுதாயக் கூடமோ வாடகைக்கு ஒரு வீடோ பார்த்து வைத்துவிட்டுப் போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

விழுப்புரத்திலிருந்து ஒரு அப்பா: அரசுப் பள்ளியிலேயே எல்கேஜி, யுகேஜி வந்துவிட்டது என்றார்கள், அப்புறம் மூடுகிறார்கள் என்றார்கள், அப்புறம் இல்லை என்றார்கள். என்னதான் நடந்தது?

சுருக்கமாகச் சொல்கிறேன். 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்துக்குள் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். பாடம் எடுக்க இடைநிலை ஆசிரியர்களை மாற்றி அனுப்பினார்கள். அவர்களில் பலருக்கு அது பதவி இறக்கம் போலப் பட்டது, போராட்டம், வழக்கு என்று போனது. 2022-ல் அந்த ஆசிரியர்களைத் தொடக்க வகுப்புகளுக்கே திருப்பி அழைத்துக்கொண்டு, மழலையர் வகுப்பை அங்கன்வாடி வசமே விடலாம் என்று முடிவானது. பெற்றோர் சத்தம் போட்டதும், வகுப்புகள் பள்ளியிலேயே தொடரும் என்றார்கள், மாதம் ஐயாயிரம் ரூபாய் தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களைப் போட்டார்கள்.

இதில் எனக்கு உறுத்துவது அந்த "பதவி இறக்கம்" என்ற எண்ணம்தான். எட்டாம் வகுப்புக்கு எடுப்பவர் பெரியவர், மூன்று வயதுக்கு எடுப்பவர் சின்னவர் என்று நமக்குள் ஒரு ஏணி இருக்கிறது. உண்மையில் இருபத்தைந்து மூன்று வயதுப் பிள்ளைகளை அரை மணி நேரம் ஒரு கதையில் கட்டிப்போடுவதை எந்தப் பேராசிரியரையும் வந்து செய்து காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு ஆளை வைத்தால் அவரும் ஆறு மாதத்தில் ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விடுவார். பிள்ளை மறுபடி புது முகத்தைப் பார்த்து அழும்.

நாமக்கல்லிலிருந்து ஒருவர்: கட்டாயக் கல்விச் சட்டத்தில் தனியார் பள்ளி எல்கேஜி இலவசமாகக் கிடைக்குமாமே?

ஆம். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் தவிர மற்ற தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம். வீட்டிலிருந்து பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு என்றால் ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள். விண்ணப்பம் இணையத்தில்தான், இடத்தைவிட ஆள் அதிகமானால் குலுக்கல். வருமானச் சான்று, பிறப்புச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் முன்பே தயாராக வைத்திருங்கள். 2025-ல் மத்திய, மாநில அரசுகளின் நிதித் தகராறில் சேர்க்கை அக்டோபர் வரை இழுத்தது. அதனால் இதை மட்டும் நம்பிக் கொண்டிருக்காமல் பிள்ளையை ஜூனிலேயே ஓரிடத்தில் சேர்த்துவிடுங்கள்.

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? 2009-ம் வருடத்து அந்தச் சட்டம் கல்வியை உரிமையாக்கியது ஆறு வயதிலிருந்து பதினாலு வரைக்கும்தான். மூன்றிலிருந்து ஆறு வரைக்கு 11-வது பிரிவில், அரசு ஏற்பாடு செய்யலாம் என்று ஒரு "லாம்". 2002-ல் அரசியல் சாசனத்தின் 45-வது பிரிவைத் திருத்தியபோதும், ஆறு வயது முடியும் வரை உள்ள குழந்தைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் அரசு முயல வேண்டும் என்றுதான் எழுதினார்கள். உரிமை கிடையாது, முயற்சி. ஆக, அரசின் கடமையாக இல்லாத எல்கேஜிக்கு, தனியார் பள்ளியில் அரசே பணம் கட்டுகிறது. பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் எல்கேஜி என்ற பேச்சே இல்லாத காலத்திலும் கட்டியது. நான் கணக்கில் மட்டம், ஆனால் இந்தக் கணக்கு எனக்குக்கூட உதைக்கிறது.

பெரம்பலூர் பக்கமிருந்து ஒரு அங்கன்வாடி டீச்சர்: அக்கா, காலையில் வந்ததும் செல்போன் செயலியில் வருகைப் பதிவு, பிறகு எடை, உயரம், சத்துமாவு, கர்ப்பிணிப் பட்டியல். சிக்னல் இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. நடுவில் வாக்காளர் பட்டியல் வேலை. பிள்ளைகளுக்குக் கதை சொல்ல எனக்கு நேரமே இல்லை. நீங்கள் வெளியே போய்விட்டீர்கள், எங்களுக்காக நாலு வார்த்தை எழுதக்கூடாதா?

எழுதுகிறேன் தங்கச்சி. இந்த நாலு வார்த்தைக்காகத்தான் இந்தப் பகுதியையே ஒத்துக்கொண்டேன் என்று வைத்துக்கொள்.

அங்கன்வாடிகளை நடத்தும் இந்தத் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் நாடு முழுக்க 33 வட்டாரங்களில் தொடங்கியது. அதற்கு முன்பே மீனா சுவாமிநாதன் அம்மையார் தலைமையிலான குழு, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பற்றி 1972-ல் அறிக்கை கொடுத்திருந்தது. சாப்பாடும் மருத்துவமும் படிப்பும் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்ற யோசனை நல்ல யோசனை, இன்றைக்கும் நல்லதுதான். ஊட்டச்சத்து, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மாருக்கு நலக் கல்வி, முன்பருவக் கல்வி என்று ஆறு சேவை. ஆறையும் ஒரு டீச்சர் தலையில் வைத்தார்கள். ஆறில் ஐந்துக்குப் பதிவேடு உண்டு, மேலிடத்திலிருந்து போன் வரும். ஆறாவதான கதை சொல்லலுக்குப் போன் வராது. அப்போது எது விடுபட்டுப் போகும் என்று சொல்லத் தனியாக ஆராய்ச்சி வேண்டுமா?

நான் சேர்ந்த 1986-ல் பதிவேடுகள் மட்டும்தான், செயலி கிடையாது. செயலி வந்தால் பதிவேடு போய்விடும் என்றார்கள். இரண்டும் இருக்கிறது.

தேசியக் கல்விக் கொள்கை 2020, மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை ஒரே அடித்தளப் பருவம், 2030-க்குள் எல்லாப் பிள்ளைக்கும் முன்பருவக் கல்வி என்கிறது. அந்தக் கொள்கையில் மற்ற விஷயங்களுக்குத் தமிழ்நாடு சண்டை போடுவது தனிக் கதை, இந்த ஒன்றில் யாருக்கும் மறுப்பு இருக்காது. ஆனால் அதை யார் செய்வது? ஒரு மையத்துக்கு இரண்டாவது டீச்சர் வேண்டும், படிப்புக்கு மட்டும். ஒருவர் தராசையும் செயலியையும் பார்க்கட்டும், இன்னொருவர் பிள்ளைகளோடு தரையில் உட்காரட்டும். புதுக் கட்டடம், கார்ட்டூன் சுவர், ஸ்மார்ட் டிவி எல்லாம் அதற்கப்புறம் வரட்டும், என்னைக் கேட்டால் டிவி வராமலே போனாலும் நல்லதுதான்.

ஒரு நல்ல செய்தியும் நினைவில் இருக்கட்டும். 2022 ஏப்ரல் 25-ல் உச்ச நீதிமன்றம், குஜராத் அங்கன்வாடிப் பணியாளர்கள் தொடுத்த வழக்கில், உங்களைப் போன்றவர்களுக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. கௌரவ ஊழியர், தொண்டர் என்றெல்லாம் சொல்லி ஒதுக்கிவந்த வேலையை வேலை என்று ஒப்புக்கொண்ட தீர்ப்பு அது. சங்கத்தில் கேட்டு நகல் வாங்கி வைத்துக்கொள்.

கதைக்கு நேரமில்லை என்றால், எடை போடும்போதே சொல். தராசில் ஏறுகிற பிள்ளை யானை, இறங்குகிற பிள்ளை பூனை. நான் அப்படித்தான் சமாளித்தேன்.

கோவையிலிருந்து ஒரு அப்பா: என் மகன் இரண்டரை வயதில் ஏ முதல் இசட் வரை, இருபது நாட்டுத் தலைநகரம் எல்லாம் சொல்கிறான். நேராக யுகேஜியில் சேர்க்கலாமா?

தலைநகரம் இருக்கட்டும். சட்டைப் பட்டன் போடத் தெரியுமா? பக்கத்துப் பிள்ளை பொம்மையைப் பிடுங்கினால் என்ன செய்வான்? பதில் எழுதுங்கள், அப்புறம் பார்ப்போம்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு அம்மா: பால்வாடியில் விட்டுப் பத்து நாளாகிறது. தினம் வாசலிலேயே அழுகிறான். மனசு கேட்கவில்லை. நிறுத்திவிட்டு அடுத்த வருடம் பார்க்கலாமா?

நிறுத்தாதீர்கள். அவன் அந்தப் பக்கம் பார்க்கும்போது நைசாக நழுவி வருகிற வேலை செய்கிறீர்களா? அதை மட்டும் விட்டுவிடுங்கள். அழுதாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டே வாருங்கள். "மூணு மணிக்கு வர்றேன்" என்றால் அவனுக்குப் புரியாது, "சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும் அம்மா நிப்பேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி நில்லுங்கள். ஒரு நாள் தாமதமாகப் போனாலும் பத்து நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். உங்கள் பழைய புடவைத் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினாலும் சில பிள்ளைகள் அடங்கும்.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்னால் என்னிடம் ஒரு பையன் வந்தான். என் நாற்காலிக் காலைக் கட்டிக்கொண்டு அழுவான், நகர்ந்தால் நாற்காலியோடு சேர்ந்து நகர்வான். எங்கள் ஆயாதான் ஒரு வழி கண்டுபிடித்தார். முட்டை எண்ணும் வேலையை அவனிடம் கொடுத்தார். தினம் தப்பாகத்தான் எண்ணுவான், ஆறுக்கப்புறம் பத்து வரும், ஆனாலும் அவன் எண்ணி முடிக்காமல் அடுப்பில் வைக்க மாட்டோம். திங்கள், புதன், வியாழன் மூன்று நாளும் முட்டை நாள், அழாமல் ஓடி வருவான். செவ்வாயும் வெள்ளியும் அழுகை நிற்க இன்னும் மூன்று வாரம் ஆனது.